தலைமன்னார் வழியாக மலையகம்: தாயகம் திரும்பிய பெற்றோரைப் பிறந்த தோட்டத்துக்கு அழைத்துச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் இலங்கை மலையகத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த பெரியவர் இருக்கும் வீடுகள் ஏராளம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. 1974 இல் மேலும் 75,000 பேர் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு அரசு காட்டிய ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னாளில் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆயிற்று. இந்த வரலாறு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அம்மாவையோ அப்பாவையோ பிறந்த இடத்துக்கு ஒருமுறை கூட்டிப் போக வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கும்போதுதான் எங்கிருந்து தொடங்குவது என்ற திகைப்பு வருகிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது. இந்தியப் பாஸ்போர்ட் பெறத் தகுதியுள்ள, தாயகம் திரும்பியோர் குடும்பங்களை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். முகாம்களில் அகதிகளாகப் பதிவு பெற்றிருப்பவர்களுக்கு விதிகள் வேறு.

வழியைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. கொழும்புக்கு விமானத்தில் போய், அங்கிருந்து வேன் பிடித்து, அன்று மாலையே நுவரெலியாவில் இறங்குவது எளிது. ஆனால் நம் பெற்றோர் அந்த மண்ணை விட்டு வந்தது கடல் வழியாக. பிறந்த தோட்டத்தைக் காண்பதற்கு முன் அவர்கள் அந்தக் கடலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதன் கரையில் ஓரிரு நாள் இருந்து, கப்பலேறிய இடத்தில் நின்றுவிட்டு, பிறகு மெல்ல மலையேறினால், நினைவுகள் வரிசையாகத் திரும்புவதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஆகவே இந்தப் பயணத்தைக் கடற்கரைப் பயணமாகத் தொடங்கி மலைப் பயணமாக முடிப்பதே சரி என்று நினைக்கிறேன்.

முதல் வேலை: தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது

பாஸ்போர்ட்டுக்கும் பயணச்சீட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் அம்மா சொல்லும் தோட்டப் பெயர் வரைபடத்தில் இருக்காது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலேயத் துரைமார் வைத்த பதிவுப் பெயர் ஒன்றும், நம் மக்கள் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. தோட்டத்துக்குள் டிவிஷன்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போயிற்று. இந்த மாற்றங்களில் சில தோட்டங்கள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன, சில டிவிஷன்கள் கைவிடப்பட்டன. "தலவாக்கலைப் பக்கம்" என்ற அளவோடு புறப்பட்டால் மலை மலையாக அலைய நேரிடும்.

வீட்டுப் பெட்டியில் தேட வேண்டிய காகிதங்கள் மூன்று. இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை, அன்றைய பாஸ்போர்ட், இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவையே அவை. எங்கள் வீட்டில் குடும்ப அட்டை நான்காக மடித்த மடிப்பிலேயே கிழிந்து, பிளாஸ்டிக் உறை ஒன்றில் துண்டுகளாகக் கிடந்தது. அதை மேசையில் பொருத்தி வைத்துப் பார்த்தபோதுதான், அம்மா எப்போதும் சொல்லிவந்த பெயர் டிவிஷனுடையது என்பதும், தோட்டத்தின் பெயர் வேறு என்பதும் தெளிவாயின. உங்கள் வீட்டு அட்டையும் அப்படியிருந்தால் ஒட்டுநாடா போட்டு ஒட்டாதீர்கள். இரு பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டு, அச்சுப் பிரதியை மட்டும் பயணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் எதுவும் கிடைக்காவிட்டால் கேள்விகள்தாம் துணை. "எந்தத் தோட்டம்?" என்று கேட்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போவீர்கள், ஸ்டேஷனுக்கு நடந்து போனீர்களா பஸ்ஸிலா, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் எந்த மலை தெரியும், அருவி தெரியுமா, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) லயத்துக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா, பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எங்கே இருந்தது, கோயில் என்ன கோயில், திருவிழா எந்த மாதம் என்று கேளுங்கள். டெவன் அருவியோ செயின்ட் கிளேயர் அருவியோ தெரியும் என்றால் தலவாக்கலை வட்டாரம். சிவனொளிபாதமலை நேரே தெரியும் என்றால் மஸ்கெலியா வட்டாரம் என்று தேடும் பரப்பைக் குறைத்துக்கொண்டே வரலாம். ஒரே நாளில் உட்கார வைத்துக் கேட்டால் பெரியவர்கள் களைத்துப் போவார்கள். வெங்காயம் உரிக்கும்போதும், மாலையில் தேநீர் குடிக்கும்போதும் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. உங்கள் பகுதியிலேயே அதே தோட்டத்திலிருந்து வந்த வேறு குடும்பம் இருக்கக்கூடும். கோயில் திருவிழாவிலோ இழவு வீட்டிலோ விசாரித்தால் பெரும்பாலும் யாராவது அகப்படுவார்கள்.

இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். அவர்களுக்குப் போக விருப்பம் இருக்கிறதா? 1977 இலும் 1981 இலும் 1983 இலும் நடந்த வன்முறைகளைக் கண்டு வந்தவர்களுக்கு அந்த மலை வேறு வகையில் நினைவிருக்கும். குடியுரிமை முடிவில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்களில் பழைய மனத்தாங்கல்களும் இருக்கும். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்; ஓராண்டு கழித்துத் தாமாகவே கேட்பவர்கள் உண்டு.

பாஸ்போர்ட்டும் விசாவும்

நீலகிரி மாவட்டம் கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பிறந்த இடம் இலங்கை என்று எழுதுவதற்கு அஞ்சத் தேவையில்லை. அதுதான் உண்மை, அதையே எழுத வேண்டும். 2023 அக்டோபர் 1 க்கு முன் பிறந்தவர்கள் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பான் அட்டை, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றில் ஒன்று போதும். தூதரகம் கொடுத்த அந்தக் குடும்ப அட்டையையும், குடியுரிமைப் பதிவுச் சான்று இருந்தால் அதையும் நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சிக்கல் வருவது பெயரிலும் பிறந்த தேதியிலும்தான். அங்கே 'ராமாயி' என்றும் இங்கே 'இராமாயம்மாள்' என்றும் இருக்கும். குடும்ப அட்டையில் வயது மட்டும் இருக்கும், ஆதாரில் ஜனவரி முதல் தேதி என்று யாரோ போட்டிருப்பார்கள். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரையும் பான் அட்டையையும் ஒரே எழுத்தாகத் திருத்திக்கொண்டால் பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பெரியவர் என்றால், காவல்துறை விசாரணையையும் கணக்கில் கொண்டு, பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

இலங்கை விசாவுக்கு அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியர்களுக்கான கட்டண விதிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், புறப்படும் மாதத்தில் அந்தத் தளத்திலேயே பார்ப்பதுதான் பாதுகாப்பு. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வருகையின் நோக்கம் சுற்றுலா என்றே குறிப்பிடலாம். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்களுடைய முழு முகவரி தேவைப்படும், தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் இங்கேயும் கேட்கப்படும்.

எந்த மாதத்தில் போவது

கப்பலில் போவதாக இருந்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தை, அதாவது அக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரையிலான காலத்தைத் தவிர்த்துவிட வேண்டும். அப்போது சேவையை நிறுத்திவிடுகிறார்கள். மே முடிந்ததும் மலையகத்தின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், தோட்டத்துக்குள் நடந்தால் அட்டை கடிக்கும். ஆகவே பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் எல்லா வகையிலும் பொருத்தமானவை. அந்தச் சமயத்தில் தோட்டங்களில் காமன் கூத்து (மன்மதன் – ரதி கதையை ஆடும் கூத்து) நடக்கும். மாசி, பங்குனியில் பல தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவும் வரும். திருவிழாவுக்கு வெளியூர் போனவர்களெல்லாம் திரும்பி வருவதால், பழைய முகங்களைத் தேடும் பெற்றோருக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

சித்திரைப் புத்தாண்டையொட்டிய வாரத்தில் இலங்கை முழுவதும் ஊர் திரும்பும் கூட்டம், நுவரெலியாவில் வசந்தகால விழாக் கூட்டம். அறை வாடகை பன்மடங்கு ஏறும். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஹட்டன் ரயில்கள் நிரம்பி வழியும். பௌர்ணமி அங்கே பொது விடுமுறை, அலுவலகங்கள் மூடியிருக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை

இராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் 1984 இல் போரினால் நின்றது. நம் பெற்றோரில் பலர் வந்த 'இராமானுஜம்' கப்பலின் காலம் அத்தோடு முடிந்தது. இப்போது இருப்பது நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள காங்கேசன்துறைக்கும் இடையிலான சேவை. 2023 அக்டோபரில் 'செரியபாணி' என்ற கப்பலுடன் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் நடக்கிறது. தூரம் சுமார் 60 கடல் மைல். நான்கு மணி நேரம் ஆகும். எந்தக் கிழமைகளில் ஓடுகிறது, எவ்வளவு சாமான் கொண்டு போகலாம் என்பவை மாறிக்கொண்டே இருக்கும். கடல் கொந்தளித்தால் கடைசி நேரத்திலும் பயணம் ரத்தாகும் என்பதால், அதற்கடுத்த நாட்களுக்கு ரத்து செய்ய முடியாத அறையோ ரயில் சீட்டோ எடுக்க வேண்டாம்.

கோவையிலிருந்து நாகப்பட்டினம் செல்ல எர்ணாகுளம் – காரைக்கால் விரைவு ரயில் வசதியானது. இரவு முழுவதும் பயணம் செய்து, விடிந்ததும் நேரே துறைமுகத்துக்குப் போகும் திட்டம் இளைஞர்களுக்குச் சரி, அறுபதைக் கடந்தவர்களுக்குச் சரிவராது. குளிரிலேயே வாழ்ந்த உடம்பு கடற்கரையின் வெக்கையையும் புழுக்கத்தையும் எதிர்பார்ப்பதில்லை; முதல் நாளே கால் வீங்கும், தூக்கம் கெடும். ஆகவே நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ நாகூரிலோ ஒரு முழு நாள் தங்குங்கள். மாலையில் கடற்கரையில் உட்கார வையுங்கள். எங்கள் அம்மா தம் வாழ்நாளில் கடலைப் பார்த்தது அந்த ஒரு கப்பல் பயணத்தின்போது மட்டும்தான். அலை காலைத் தொட்டதும் பின்வாங்கியவர், சற்று நேரம் கழித்துத் தாமே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நின்றார். அந்த ஒரு மாலைக்காகவே கூடுதல் நாளின் செலவு தகும்.

வாந்தி வராமலிருக்க என்ன மாத்திரை தரலாம் என்று, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் விவரத்தோடு மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலேறும் காலையில் இட்லி போன்ற எளிய உணவு போதும். பிரஷர், சர்க்கரை மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.

காங்கேசன்துறையிலிருந்து சிறிது தொலைவில் கடலை ஒட்டிக் கீரிமலைக் கேணி இருக்கிறது. இறந்தவர்களுக்குக் கடன் செய்வதற்கு ஈழத்தில் பெயர் பெற்ற இடம் அது. தோட்டத்திலேயே அடக்கமான தாத்தா பாட்டிக்கு ஒன்றும் செய்யவில்லையே என்ற குறை பல பெற்றோர் மனத்தில் இருக்கும். அவர்கள் விரும்பினால் அதை இங்கேயே செய்துவிடலாம்.

தலைமன்னார்

யாழ்ப்பாணத்தில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை பூநகரி வழியாக மன்னாருக்குப் பஸ் பிடியுங்கள். மன்னார்த் தீவில் பனையும் வெயிலும் தெருவில் திரியும் கழுதைகளும் கண்ணில் படும். பள்ளிமுனையில் பெரிய பெருக்க மரம் (பாவோபாப்) ஒன்று நிற்கிறது. நகரத்துக்கு வெளியே பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம் இருக்கிறது. இவற்றை முதல் நாள் பார்த்துவிட்டு, மறுநாள் அதிகாலையில் தலைமன்னாருக்குப் போங்கள். வெயில் ஏறியபின் அங்கே பெரியவர்களை நிறுத்தி வைக்க முடியாது.

தலைமன்னாரில் காண்பதற்கு அதிகம் இல்லை. பழைய இறங்குதுறையின் எச்சம், கலங்கரை விளக்கம், மீன்பிடிப் படகுகள், ரயில் பாதையின் முனை ஆகியவைதாம் இருக்கின்றன. இந்தப் பாதை 1990 இல் போரில் அழிந்து, இந்தியாவின் உதவியோடு மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. கடற்படையினர் இருக்கும் பகுதி என்பதால் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். அம்மா இங்கேதான் கப்பலேறினார் என்று சொன்னால் பொதுவாக மனிதர்கள் மரியாதையாகவே நடந்துகொள்வார்கள்.

இங்கே குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். பெற்றோர் இங்கே வந்தபோது சிறுவராக இருந்தால் எந்தப் பக்கம் ரயில் நின்றது, சாமான் சோதனைக்கு எங்கே வரிசை, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பன மங்கலாகத்தான் நினைவிருக்கும். மணலில் சற்று நடந்தபின் ஒவ்வொன்றாக வரும். அங்கிருந்து கடலைக் காட்டி, எதிரே தனுஷ்கோடி இருக்கும் திசையையும் காட்டுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு "சொல்லும்மா, என்ன தோணுது?" என்று கேட்க வேண்டாம். பேச்சைப் பதிவு செய்ய விரும்பினால், முன்பே சொல்லிவிட்டு, ஒலிப்பதிவை ஓட விட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இந்தக் கரையின் கதை நம் பெற்றோரோடு தொடங்கவில்லை. காப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் மாண்டவர்கள் கணக்கற்றவர்கள். மலையக மக்கள் வரலாற்றின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே தடத்தில் ஒரு நடைபயணம் நடந்தது.

மலையேறுதல்

தலைமன்னாரிலிருந்து மலைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ரயிலில் போனால் மதவாச்சி, அனுராதபுரம் வழியாகப் பொல்காவலை சென்று, அங்கே கண்டிக்கோ ஹட்டனுக்கோ ரயில் மாற வேண்டும். நம் பெற்றோரைக் 'கோச்சி' கொண்டுவந்து விட்ட பாதை இதுவே. வேனில் போனால் மதவாச்சியில் பெருஞ்சாலையைப் பிடித்துத் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டியை அடையலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு வேன் நல்லது, ஏனென்றால் இலங்கை ரயில் பெட்டிகளின் படிகள் உயரமானவை. ஆனாலும் கண்டியிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ ஹட்டன், நானுஓயா வரையாவது ரயிலில் போகுமாறு சொல்வேன். கொட்டகலை, தலவாக்கலை என்று மும்மொழியில் எழுதிய ஸ்டேஷன் பலகைகளைத் தமிழில் படித்தபடி போவது அவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலிலும் மண்சரிவிலும் மலைநாட்டு ரயில் பாதையும் சாலைகளும் பலத்த சேதம் அடைந்தன. ஆகவே எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது, உங்கள் தோட்டத்துச் சாலை திறந்திருக்கிறதா என்பதை அங்குள்ளவர்களிடம் கேட்டபின் திட்டமிடுங்கள்.

வழியில் கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் மலையக மக்களுக்கான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. லயன் வீடு ஒன்றையே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். சொந்தத் தோட்டத்தில் பழைய லயம் மிஞ்சாதிருக்கலாம் என்பதால், இங்கே நின்று போவது வீணாகாது. பேரப்பிள்ளைகள் கூட வந்திருந்தால், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதைப் பாட்டியே காட்டிக் கொடுக்கலாம்.

உயரத்தைப் பற்றி அச்சம் வேண்டாம். நுவரெலியா 1,868 மீட்டர், நம் உதகை 2,240 மீட்டர். ஸ்வெட்டரும் குல்லாவும் நீலகிரியில் எவையோ அவையே அங்கும் போதும்.

தோட்டத்தில்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற ஒரு டவுனில் தங்கிக்கொண்டு, அந்தத் தோட்டத்துக்கு வழக்கமாக ஓடும் ஆட்டோக்காரரை வைத்துப் போவதே சிறந்தது. டிவிஷன் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சொன்னால் அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஆட்டோ நிறுத்தத்தில் உள்ள மூத்தவரைக் கேட்டுச் சொல்வார். வேலை நாளில் போனால் எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள், லயம் வெறிச்சோடிக் கிடக்கும். மாலை நான்கு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். ஸ்டோரையும் பங்களாவையும் பார்க்க வேண்டுமானால் தோட்ட ஆபிசில் அனுமதி வாங்க வேண்டும்.

முதலில் கோயிலுக்குப் போவது நல்லது. லயம் இடிந்திருக்கும், டிவிஷன் காடாகியிருக்கும், இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய புது வீடுகளுக்குச் சனம் மாறியிருக்கும். ஆனால் மாரியம்மன் கோயில் அனேகமாக அதே இடத்தில் இருக்கும். மஸ்கெலியா வட்டாரத்தில் இதற்கும் விலக்கு உண்டு. பழைய மஸ்கெலியா டவுனே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, கோடையில் நீர் வற்றினால்தான் கோயிலின் மிச்சம் தலைகாட்டும். கோயிலில் பூசாரியிடமோ அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமோ தாத்தாவின் பெயர், அவர் வேலை, எத்தனையாம் நம்பர் லயம், எந்த ஆண்டு போனார்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். உங்கள் பெயரையோ உங்கள் அம்மாவின் பெயரையோ சொல்வதைவிட, "கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து லயத்தில் இருந்த இன்னார் மகள்" என்பது அங்கே வேகமாக வேலை செய்யும்.

லயத்து வீடு இப்போது இன்னொருவர் குடும்பம் நடத்தும் வீடு. அழைக்காமல் இஸ்தோப்பைத் (முன் திண்ணையைத்) தாண்டக் கூடாது, வறுமையைப் படமெடுக்கக் கூடாது, "இன்னும் இப்படியேவா இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. பேச்சைத் தொடங்கும் பொறுப்பைப் பெற்றோரிடமே விட்டுவிடுங்கள். எங்கள் அம்மா எதுவும் கேட்கவில்லை. வேலியோரச் செடியில் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி முகர்ந்துவிட்டு, "கவ்வாத்து வெட்டி ரொம்ப நாளாச்சு போலருக்கே" என்றார். கூடையை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "ஆமாங்க அக்கா, வெட்ட ஆளு எங்க இருக்கு?" என்று சொல்லிச் சிரித்தார். அதன்பின் எங்கள் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. நம் மலையில் கத்தரி வைத்து வெட்டுகிறார்கள், அங்கே இன்னும் கையால் பறிக்கிறார்கள் என்று தொடங்கிய பேச்சு, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று நீண்டு, ரொட்டியும் சம்பலும் வந்து சேரும்வரை போயிற்று.

எதுவும் கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். புதைத்த இடத்தின் மேல் தேயிலை நட்டிருக்கலாம். அதற்காகவே தோட்டத்துக்கென இரண்டு நாட்கள் வையுங்கள். முதல் நாள் பார்த்துவிட்டு வந்து இரவில் யோசிக்கும்போது, "அந்த வளைவுக்கு மேலதான் பீலிக்கரை" என்று தண்ணீர் பிடித்த இடத்தின் அடையாளம் தெளிவாகும், மறுநாள் நேரே போய்விடலாம்.

கொண்டுபோகும் பொருளாகச் சேலை, வேட்டி, நீலகிரித் தைலம் ஆகியவை போதும். தேயிலைத் தூள் வேண்டாம், இலங்கை அதன் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் நாடு. பணம் கொடுப்பதாக இருந்தால் உறவினருக்குத் தனியே, மற்றவர் காணாமல் கொடுங்கள். ஒரு பிடி மண்ணும் ஒரு தேயிலைக் கன்றும் எடுத்து வர வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவார்கள்; மண்ணையும் செடியையும் அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது என்பதை முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிடுங்கள், துறைமுகத்தில் பிடுங்கிப் போடும்போது அவர்கள் மனம் நோகும். கடற்கரையில் பொறுக்கும் பவளத் துண்டுகளுக்கும் அதே கதிதான்.

சில சிறு விவரங்கள்

இந்திய ரூபாய் நோட்டாக ஒருவர் 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யு.பி.ஐ. வசதி இருந்தாலும், தோட்டத்துக் கடைகளில் கைக்காசுதான் செல்லும். அவசர ஆம்புலன்சுக்கு அங்கே 1990 ஐ அழைக்க வேண்டும், சேவை இலவசம். பெரியவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

கடல் கடக்க முடியாத பெற்றோர்

பாஸ்போர்ட் கிடைக்கவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. மதுரை வழியாக இராமேசுவரம் போய், பாம்பனைக் கடந்து, தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை வாகனத்திலேயே செல்லலாம். அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவுதான். மண்டபத்தில் முகாமுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாவிட்டாலும், சாலையிலிருந்து இடத்தைக் காட்டலாம். அங்குள்ள உறவினரிடம் முன்பே சொல்லி வைத்து, அவர்கள் தலைமன்னார்க் கரையில் நிற்கும் நேரத்தில் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச வைக்கலாம்.

திரும்பியபின்

நாகப்பட்டினத்தில் இறங்கிய இரவே மலையேற வேண்டாம். ஒருநாள் தங்கி வாருங்கள். வீடு சேர்ந்த முதல் வாரத்திலேயே படங்களை அச்செடுத்து, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, யார், எந்த லயம், எந்த உறவு என்று ஒவ்வொன்றின் பின்புறமும் எழுதிவிடுங்கள். அங்கே கிடைத்த தகவலை வைத்துப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு, பிறப்பு பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் உறவினர் மூலம் விண்ணப்பிக்கலாம். படங்களில் ஒரு தொகுதியைக் கோயிலில் பேசிய பெரியவருக்கும் லயத்தில் சோறு போட்ட வீட்டுக்கும் அனுப்புங்கள். அடுத்து அந்தத் தோட்டத்தைத் தேடி நீலகிரியிலிருந்து வரும் குடும்பத்துக்கு வழி சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தாம்.